இடது பக்கத்து மூக்குத்தி

அக்கா எதையும் இரவல் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வாள். எடுத்த பொருள் அவளிடம் போனபிறகுதான் எடுப்பாகத் தெரியும் என்பது அதைவிடக் கொடுமை. என் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா விருதுநகரில் எடுத்துத் தந்த அரக்குச் சேலையை நான் இரண்டு தடவைதான் கட்டியிருப்பேன். மூன்றாம் தடவை அதை அம்மன் கோவில் பொங்கலில் அவள் உடம்பில் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "உனக்கு இந்த நிறம் ஆகாதுட்டி, கட்டினா சீக்காளி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டாள். பொங்கல் பானையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். உண்மையும் அதுதான். அவள் கட்டியபோதுதான் அந்தச் சேலைக்கு ஒரு களை வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் என் பெரியப்பா மகள், நான்கு வயது மூத்தவள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு எங்களைக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு அவள், தம்பிக்கு நான். அதனால் எந்த வழியில் பார்த்தாலும் எனக்கு அக்கா. சிவகாசிப் பக்கம், தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். இரண்டு வீட்டுக்கும் எதிரெதிர் வாசல். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகவெட்டு. அகலமான நெற்றி, நீளக் கண், மேலுதடு கொஞ்சம் தூக்கல். மூக்குத்தியை வைத்துத்தான் அவளை அடையாளம் சொல்ல வேண்டும். எங்களுக்கெல்லாம் வலது மூக்கில் மூக்குத்தி. அவளுக்குச் சின்ன வயதில் வலது பக்கம் குத்திய இடம் சீழ் பிடித்துத் தூர்ந்துபோனதால், இடது பக்கம் குத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் இடது மூக்கில் போட்டவள் அவள் ஒருத்திதான். இன்னொன்றும் உண்டு. நான் தரையைப் பார்த்து நடப்பேன். அவள் எதிரே வருகிறவர்களைப் பார்த்து நடப்பாள்.

ஊரில் அவள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. காமதேனு அக்கா என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் வந்தது ஒரு தீப்பெட்டிப் படத்தால். வெள்ளைப் பசுவின் உடம்பு, சிறகு, மயில் தோகை, மேலே கிரீடம் வைத்த ஒரு பெண்ணின் முகம். அந்த முகம் என்னுடையது.

எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். நானும் அக்காவும் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம். அந்த முதலாளி குடும்பத்துக்கு ஒரு ஆசை இருந்தது. தங்கள் முகங்களையே சாமிகளுக்கு வைத்துப் படம் எழுதி, பிளாக் வெட்டி, லேபிளாக அடிப்பார்கள். முதலாளியின் அம்மா மீனாட்சி. தம்பி முருகன். காலமான பெரியவரைப் பரமசிவனாக எழுதியபோது, கழுத்தில் பாம்புக்குப் பக்கத்தில் அவர் எப்போதும் போடுகிற துண்டையும் போடச் சொன்னார்களாம். இதற்கென்று விருதுநகரிலிருந்து ஒரு படக்காரர் வருவார். அவரே வர்ணத்தில் எழுதி, அதைப் பார்த்து அவரே தகட்டில் கீறி, ஆசிட்டில் அரித்துக் கொடுப்பார். காமதேனு என்று வந்தபோது மட்டும் முதலாளி வீட்டுப் பெண்கள் ஒருத்தரும் மாட்டு உடம்புக்கு முகம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் லேபிள் ஒட்டுகிறவர்களில் ஒருத்தியைப் பிடித்தார்கள்.

மூன்று நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், துணைக்கு இரண்டு கிழவிகளை உட்காரவைத்துப் படக்காரர் என்னை எழுதினார். அவர் என்னிடம் பேசியது "நாடியைத் தூக்கும்மா" என்கிற ஒரு பேச்சுதான். அப்போதெல்லாம் மோவாயை நிமிர்த்திக்கொள்வேன். என் வீட்டுக்காரர்கூட என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் படத்தைக் காட்டினார். அது நான்தான், ஆனால் யாருக்கும் பயப்படாத நான். அக்கா என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு ஏத்த மூஞ்சி" என்றாள்.

லேபிள் அச்சாகி வந்தபோது படம் திரும்பியிருந்தது. தகட்டில் கீறும்போது இடவலம் மாற்றிக் கீறினால்தான் அச்சில் நேராக விழும். படக்காரர் அந்த ஒரு தடவை அப்படியே கீறிவிட்டார். பெயர் எழுத்தைத் தனியாகக் கோத்து அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை. பசு கிழக்கே பார்த்தால் என்ன, மேற்கே பார்த்தால் என்ன. ஆனால் என் வலது மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது.

முதல் லோடு கடைக்கு வந்த வாரம், நானும் அக்காவும் டீக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கடையில் என் வீட்டுக்காரரும் இருந்தார். ஒருத்தன் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டி, "ஏலே, இது யார் வீட்டு மாடுலே, மடியைப் பாரு மடியை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "இது நீயா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். மூக்குத்தியைத்தான் பார்த்திருப்பாள். பிறகு மடியைப் பேசினவனைப் பார்த்து, "நான்தான். இப்ப என்ன, பால் வேணுமா உனக்கு? வாயைத் திற, பீச்சி விடுதேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அந்த மடியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அன்றைக்கு அவள் இல்லையென்றால் நான் கிணற்றைத் தேடிப் போயிருப்பேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எடுத்ததை அவள் எப்போது திருப்பிக் கொடுத்தாள். அந்த லேபிள் ஓடு ஓடு என்று ஓடியது. மறு வருஷம் அதையே பெரிதாக்கிக் காலண்டர் அடித்தார்கள். அக்கா ஒன்றைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டினாள். வேலைக்கு வருவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்து வாசலில் உட்கார்ந்தால் பெண்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். படத்துக்குப் பூக் கட்டிப் போடுகிற வேலை எனக்கு. ஒரு நாள் தனியாக இருக்கும்போது, "அக்கா, அது என் முகம்லா" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"சொல்லு. முதல்ல உன் புருசன்கிட்ட போய்ச் சொல்லு. நான் இல்லைன்னு சாதிச்சவ, எதுக்கு மூணு நாள் ஆம்பளை முன்னால நாடியைத் தூக்கிட்டு இருந்தேன்னு கேப்பான். பதில் வச்சிருக்கியா?"

கட்டின பூவை எடுத்துப் படத்துக்குப் போட்டேன். துணைக்கு இருந்த கிழவிகள் இரண்டு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வர்ணத்தில் எழுதிய படம் ஆபீசில் கரையான் அரித்துப் போனது.

எனக்கு ஒரே ஒரு மகள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. விடியற்காலை வேலைக்குப் போக வண்டி வந்துவிடும். ஆறு மாதக் குழந்தையை எதிர்வாசலில் விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் நான் வந்து தூக்கினால் அது அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். பேச்சு வந்தபோது, "உங்கம்மா வாயில்லாத ஜீவன்" என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். மகளும் மழலையில் அதையே சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளை அங்கேயே தூங்கி அங்கேயே வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, எங்கள் வீட்டில் ஒரு காமதேனு இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் ஐந்தாவது வரை படித்தவள், அதை நானே ஒரு தடவை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். அதில் நான் இல்லை.

பால் ஊறாத பெண்களை அக்காவிடம் கூட்டி வருகிற பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. காமதேனு அல்லவா, அதனால் இருக்கலாம். பிள்ளை பெறாத அவள், பிள்ளை பெற்றவளின் நெஞ்சில் தண்ணீரைத் தெளித்து, "ஊறும், போ" என்பாள். சிலருக்கு ஊறியது. ஊறாதவளை, "மாமியாருக்குக் கஞ்சி ஊத்தாதவளுக்கு எங்கிட்டு ஊறும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவாள். அவள் அழுதால்தான் அக்காவுக்கு மனசு ஆறும்.

பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஒரு சின்னப் பெண் வந்தாள். கையெல்லாம் மருந்துக் கறை. குழந்தை எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. அக்கா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அவசரத்தில் காலைத் தொடாமல் குழந்தையை நீட்டிவிட்டாள். அக்கா அவளை வெயிலில் நிற்கவைத்தாள். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்துதான் தண்ணீர் தெளித்தாள். அதற்குள் நான் கொல்லைப் பக்கமாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஆட்டுப்பால் காய்ச்சிச் சங்கில் புகட்டியிருந்தேன். அவள் போகும்போது என் முகத்தைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். "நீங்க யாருக்கா?" என்று கேட்டாள்.

அக்கா முந்திக்கொண்டு, "வீட்டு வேலைக்கு வர்றவ" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் போனபிறகு நான் பயப்பட ஆள் இல்லை. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சாவதற்குள் என் மகளுக்கு மட்டும், அவள் தினமும் கும்பிடுகிற முகம் அவளைப் பெற்றவளுடையது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று இருந்தது. சொல்லிப் பார்க்கவும் செய்தேன். மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலாம்மா?" என்றாள்.

சுனாமி வந்த மறு வருஷம், தீபாவளி சீசனுக்கு முன்னால், எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பழைய முதலாளியின் பேரன். பட்டாசு கிப்ட் பெட்டிக்குத் தாத்தா காலத்து லேபிளையே போடப் போகிறாராம். அந்தப் படத்தில் இருப்பவரை ஆயுதபூஜை அன்று ஆபீசுக்கு வரவழைத்து மரியாதை செய்யப் போகிறாராம். ஆளைச் சரிபார்க்க விருதுநகரிலிருந்து ஒரு பெரியவரையும் கூட்டி வந்திருந்தார். தடித்த கண்ணாடி, நடுங்குகிற கை. படக்காரர் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மகளும் அன்றைக்கு இருந்தாள். அவள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தாள். தகடு, அச்சு எல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது என்று நினைத்தேன்.

அக்கா பட்டுச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "என்ன அண்ணாச்சி, அடையாளம் தெரியுதா?" என்றாள். அவர் கிட்டத்தில் வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டில் காபி வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துவிட்டேன். அந்தக் குனிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரே ஒரு தடவை நாடியைத் தூக்கியிருக்கலாம்.

அவர் பையிலிருந்து பழைய லேபிளை எடுத்து அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "எப்படித் தெரியாமப் போகும்? இந்தா, இடது பக்கத்து மூக்குத்தி. இத்தனை வருசமா இந்தப் படம் என் வீட்டுச் சுவத்துல இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் நினைவில் நான் இல்லை. என்னைப் பார்த்தது மூன்று மத்தியானம். அச்சடித்த படத்தைப் பார்த்தது முப்பது வருஷத்துக்கும் மேல்.

என் ஆயுசில் ஆண்கள் நிற்கிற இடத்தில் நானாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "அண்ணாச்சி, அந்த பிளாக்கை நீங்க திருப்பிக் கீறலை. அச்சுல மாறி விழுந்துச்சு. நீங்க எழுதினது வலது மூக்குத்தி" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. முகம் சிவந்துபோனது.

மகள் நியாயமாகத்தான் கேட்டாள். "அந்தக் காலத்துல அப்படி மாறி விழ வாய்ப்பிருக்கா தாத்தா?"

"கத்துக்குட்டிக்கு விழும்மா" என்றார் அவர். "நான் எத்தனை சாமி கீறியிருக்கேன் தெரியுமா? என் கையில ஒரு பிளாக் மாறி விழுந்துச்சுன்னு சிவகாசியில ஒருத்தன் சொல்லட்டும், இந்தக் கையை வெட்டிக்கிடுதேன்." பேரன் முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். படம் என்னுடையது என்றால் தப்பு அவருடையது. அந்த வயதில் அந்தத் தப்பை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார். அதுவும் எனக்குப் புரிந்தது.

கார் போனபிறகு மகள் என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். "ஏம்மா, பெரியம்மாவுக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதா? அந்தப் பெரிய மனுசனைப் போய் அவமானப்படுத்திட்டியே" என்றாள். அக்கா அவளைத் தடுத்து, "விடுத்தா, அவ பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டுத் தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"நீதான்னு எனக்குத் தெரியாதாட்டி? அன்னைக்கு உன் பின்னாலதானே நின்னேன். சரி, உன்கிட்டயே இருந்திருந்தா அந்த முகத்தை வச்சு நீ என்ன பண்ணியிருப்பே? அடுப்படியில மாட்டிக் கரியாக்கியிருப்பே. நான் இம்புட்டு வருசம் அதை வச்சு வாழ்ந்திருக்கேன். எண்ணெயை உச்சியில நல்லா வை."

நான் உச்சியில் நன்றாக வைத்தேன். அவள் சொன்னதில் பொய் என்று எதைச் சொல்ல முடியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆயுதபூஜை அன்று மாலையும் சேலையுமாக அவள் காரில் வந்து இறங்கியபோது, ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கும்பிட வந்த பெண்கள் ஒரு தடவை பார்த்தவர்கள் மறு தடவை வரவில்லை. அவள் வீட்டுக்காரர் முன்னாலேயே போய்விட்டார். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அள்ளிப் போடுவதும் நான்தான். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்திருந்தாள். அக்கா இடது கையால் சுவரைக் காட்டிக் காட்டி உறுமினாள். மகள் அந்தச் சட்டம் போட்ட படத்தைக் கழற்றி அவள் முன்னால் பிடித்தாள். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் படத்தில் இருந்த முகத்தைத் தொட்டாள். அந்த விரலை அப்படியே தூக்கி என்னை நோக்கி நீட்டினாள். மகளைப் பார்த்தாள். மறுபடி முகத்தைத் தொட்டு, மறுபடி என்னை நோக்கி நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா சொல்லுது பெரியம்மா? உன்னையே காட்டுது?" என்று மகள் கேட்டாள்.

என் வாழ்நாளில் நான் கேட்டது அது ஒன்றுதான். அதை இப்போது அவளாகவே கொடுக்கிறாள், என் மகளின் கண்முன்னால். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கொடுத்துவிட்டால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள் என்று தெரிந்தது.

"ஒண்ணுமில்லத்தா" என்றேன். "நேத்து படத்துக்குப் பூ வைக்க மறந்துட்டேன். அதான் என்னைக் குத்தம் சொல்றா."

அக்கா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அடித்தொண்டையில் என்னவோ சத்தம் வந்தது. மகள், "கோவிச்சுக்கிடாதீக பெரியம்மா, இந்தா வச்சிருவோம்" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் பூ வாங்கக் கடைக்குப் போனாள். அக்காவின் விரல் இன்னும் என்னை நோக்கி நீண்டுகொண்டே இருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், அந்த விரலை மெதுவாக மடக்கி, கையைப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் இறுக்கிச் செருகினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். யாராவது பார்க்க வந்தால், குளிருது போல என்று சொல்லி, போர்வையை முதலில் சரிசெய்துவிடுவேன்.